வர்ஜீனியாவில் வம்சம் தேடுபவர்கள் உயிலைக் கடைசியில் படிக்கலாம்

அமெரிக்கக் காலனி காலத்துக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுகிறவர்கள் முதலில் கைவைப்பது உயிலில்தான். கிடைத்ததும் அதிலுள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு அடுத்த தலைமுறைக்குப் போய்விடுகிறார்கள். பாதிக் குடும்பம் அங்கேயே விடுபட்டுப்போகிறது. சட்டப்படி தானாகப் போய்ச் சேராத சொத்து யாருக்கு என்று சொல்வதற்குத்தான் உயில். தானாகப் போய்ச் சேர்வதைப் பற்றி அது வாய் திறக்க வேண்டியதே இல்லை.

வர்ஜீனியாவில் 1787 ஜனவரி 1 வரை, உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கு. எழுதிய உயிலில் சொல்லாமல் விட்ட நிலமும் அவனுக்கே. அதனால் உயிலில் பெயரே இல்லாத பிள்ளை பெரும்பாலும் மூத்தவனாக இருப்பான். ஒரு ஷில்லிங் மட்டும் எழுதி வைத்திருந்தால் அப்பாவுக்குக் கோபம் என்று கதை கட்டாதீர்கள். அவன் தன் பங்கைக் கல்யாணத்தின்போதோ தனிக்குடித்தனம் போகும்போதோ வாங்கிவிட்டான் என்பதுதான் வழக்கமான காரணம். விதவைக்கு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள்வரை அனுபவிக்க மட்டும். அவள் இறந்ததும் அது வாரிசிடம் திரும்பிவிடும்.

இந்தச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு பத்திரப் புத்தகத்தைப் புரட்டினால் பல முடிச்சுகள் அவிழும். ஒருவர் 200 ஏக்கரை விற்கிறார், ஆனால் அவர் வாங்கிய பத்திரமும் இல்லை, அரசு கொடுத்த நிலப் பட்டயமும் இல்லை என்றால் அது வாரிசாக வந்த நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதே ஓடை, அதே எல்லைக்காரர்கள் வரும் பழைய பத்திரங்களைப் பின்னோக்கித் தேடுங்கள். அப்பாவோ தாத்தாவோ அங்கே உட்கார்ந்திருப்பார்.

விற்பனைப் பத்திரத்தில் ஒரு பொறி உண்டு. அக்காலத்தில் ஒரே விற்பனையை இரண்டு பத்திரமாக எழுதுவார்கள். முதல் நாள் ஒரு வருடக் குத்தகை, ஐந்து ஷில்லிங்குக்கு, வாடகை ஒரு மிளகு. மறுநாள் விடுதலைப் பத்திரம், அதில்தான் உண்மையான விலை இருக்கும். முதல் பத்திரத்தோடு நிறுத்திவிட்டு, "இவர் குத்தகைக்காரர், சொந்த நிலம் இல்லாதவர்" என்று எழுதி வைத்தவர்கள் ஏராளம்.

மாசசூசெட்ஸ் வேறு உலகம். உயில் இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு, மூத்த மகனுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. விவிலியத்தின் உபாகமத்திலிருந்து எடுத்த முறை அது. இதனால் ஒரு வசதி: சொத்தை ஏழு கூறாகப் பிரித்தார்கள் என்று கோப்பில் இருந்தால், மூத்த மகனைச் சேர்த்து ஆறு பிள்ளைகள், அல்லது இறந்துபோன பிள்ளையின் வாரிசுகள் ஒரு கூறுக்கு நிற்கிறார்கள். பெயர் கிடைக்காவிட்டாலும் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

எங்கே தேடுவது என்பதும் காலனிக்குக் காலனி மாறும். வர்ஜீனியாவில் கவுண்டி கோர்ட் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு). ரோட் ஐலண்டில் டவுன் கவுன்சில். கனெக்டிகட்டில் புரோபேட்டுக்கு, அதாவது உயிலையும் இறந்தவர் சொத்தையும் கவனிக்கும் கோர்ட் வேலைக்கு, மாவட்டங்கள் தனியாக உண்டு, அவற்றின் எல்லை டவுன் எல்லையோடு ஒத்துப்போகாது. மேரிலாந்தில் 1777 வரை அன்னாபோலிஸில் இருந்த மைய நீதிமன்றம்தான் புரோபேட்டைக் கவனித்தது. கவுண்டிகளும் உடைந்துகொண்டே இருந்தன. வர்ஜீனியாவின் ஹென்ரைகோவிலிருந்து 1728ல் கூச்லாண்ட், அதிலிருந்து 1744ல் ஆல்பமார்ல், அதிலிருந்து 1761ல் ஆம்ஹர்ஸ்ட். வீட்டை விட்டு நகராத குடும்பம்கூட நான்கு கவுண்டிப் புத்தகங்களில் இருக்கலாம். தேடும் ஆண்டில் அந்த மண் எந்தக் கவுண்டி என்று உறுதி செய்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

உயிலே இல்லாத ஒரு குடும்பத்தைப் பார்ப்போம். டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757 ஜூலையில் நியூ கென்ட் கவுண்டியில் உயில் எழுதாமல் இறந்தார். சுமார் 17,500 ஏக்கர் நிலம். மனைவி மார்த்தாவுக்கு வயது 26, உயிரோடிருந்த பிள்ளைகள் இரண்டு. சொத்து நிர்வாகம் மார்த்தாவிடம் வந்தது. 1759 ஜனவரியில் அவர் ஜார்ஜ் வாஷிங்டனை மணந்தார். அதன் பிறகு இந்தச் சொத்தின் காகிதங்களில் ஓடுவது வாஷிங்டனின் பெயர். கஸ்டிஸ் என்ற பெயரை மட்டும் அட்டவணையில் தேடுகிறவர் பாதியைத் தவறவிடுவார். எளிய குடும்பங்களிலும் இதே கதைதான். விதவை சீக்கிரம் மறுமணம் செய்வாள், கணக்கைப் புதுக் கணவன் தாக்கல் செய்வான். "இன்னாரின் விதவையும் நிர்வாகியுமானவளை மணந்த இன்னார்" என்ற ஒரு வரி, கல்யாணப் பதிவே இல்லாத ஊரில் கல்யாணத்துக்குச் சாட்சி.

பங்கு பிரிந்த விதத்தையும் பாருங்கள். நிலமும் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த மனிதர்களும் மகனுக்கு; அதில் மூன்றில் ஒன்று மார்த்தாவின் ஆயுள்வரை அவர் கையில். பணம், பாத்திரம், கடன் பத்திரம் போன்றவை மூவருக்கும் சமமாக. மகளுக்கு நிலமும் இல்லை, அடிமைகளும் இல்லை. ஓரவஞ்சனை என்று தோன்றும். 1705ஆம் ஆண்டுச் சட்டம் வாரிசுரிமை விஷயத்தில் அடிமைகளை அசையாச் சொத்தாக வைத்திருந்தது என்பதுதான் விஷயம். சட்டத்தைத் தெரியாமல் பட்டியலைப் படித்தால் இல்லாத குடும்பச் சண்டையைக் கண்டுபிடித்துவிடுவோம்.

இனி கோப்புக்குள் போவோம். ஒரு சொத்து வழக்கில் எனக்கு மிகப் பிடித்த காகிதம், சொத்தை ஒழுங்காக நிர்வகிப்பேன் என்று நிர்வாகி ஜாமீன்காரர்களோடு எழுதிக்கொடுக்கும் பிணைப் பத்திரம். நிர்வாகம் கேட்கும் உரிமை முதலில் விதவைக்கு, அடுத்து நெருங்கிய உறவுக்கு, அதற்கும் அடுத்து பெரிய அளவில் கடன் கொடுத்திருந்தவருக்கு. சம்பந்தமில்லாத ஒருவர் நிர்வாகியாக வந்தால், விதவை தன் உரிமையை விட்டுக்கொடுத்த சீட்டு இருக்கிறதா என்று தேடுங்கள். பிணைத்தொகையைச் சொத்தின் உத்தேச மதிப்பைப் போல இரண்டு மடங்கு வைப்பது வழக்கம். அவ்வளவு பெரிய தொகைக்கு வழிப்போக்கன் ஜாமீன் நிற்க மாட்டான். விதவைக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவர் பல நேரம் அவளுடைய அப்பா, அண்ணன் தம்பி, அல்லது அடுத்த கணவனாகப் போகிறவர். கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் தெரியாத பெண்ணை அடையாளம் காண இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அடுத்தது சொத்துப் பட்டியல். கோர்ட் நான்கு அக்கம்பக்கத்தாரை நியமிக்கும், அவர்களில் மூவர் சத்தியம் செய்து மதிப்புப் போட்டால் போதும். பட்டியலில் மூன்று தேதிகள் இருக்கும்: கோர்ட் உத்தரவிட்டது, மதிப்புப் போட்டது, கோர்ட்டில் தாக்கலானது. மரண நாள் முதல் தேதிக்கும் முன்பு. வர்ஜீனியாப் பட்டியலில் நிலம் இருக்காது, அதைப் பார்த்து "நிலமற்றவர்" என்று முடிவு கட்டக் கூடாது. பீப்பாய் செய்யும் கருவிகள், தறி, சாராயம் காய்ச்சும் பாத்திரம் இருந்தால் தொழில் தெரிந்துவிடும். ஏலம் நடந்திருந்தால் வாங்கியவர்களின் பட்டியலும் வரும். தட்டுமுட்டுச் சாமானையும் கட்டிலையும் வாங்குகிற பெண் அநேகமாக விதவையேதான். தன் வீட்டுப் பொருளைத் தானே காசு கொடுத்து மீட்கிறாள்.

கடைசிக் கணக்குதான் புதையல். மரணத்துக்குப் பத்துப் பதினைந்து வருடம் கழித்துக்கூட வரும், அதனால் அட்டவணையில் மரண ஆண்டோடு நிறுத்தாதீர்கள். சவப்பெட்டிக்கு இவ்வளவு, பிள்ளைகளின் வாத்தியாருக்கு இவ்வளவு என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "தன் மனைவியின் உரிமையில்" இன்னாருக்குக் கொடுத்த பங்கு. பெண்கள் யாரை மணந்தார்கள் என்பது இப்படித்தான் வெளிவருகிறது. கூட்டலையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட். பங்குகளைக் கூட்டினால் மொத்தத்துக்குக் குறைகிறதென்றால் ஒரு வாரிசு வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கிறார்.

ஆர்டர் புக்கைப் பலர் தொடுவதே இல்லை. மாதாமாதம் கூடிய கோர்ட்டின் அன்றாடக் குறிப்பு அது. அட்டவணை அரைகுறை, சிலவற்றில் வாதி பெயர் மட்டும். மரணம் நடந்த மாதத்திலிருந்து குறைந்தது மூன்று வருடத்தை வரிவரியாகப் படிப்பதைத் தவிர குறுக்கு வழி இல்லை. ஃபேமிலிசர்ச் தளத்தில் கையெழுத்தைக் கணினி படித்துத் தேடித் தரும் வசதி 2024ல் வந்திருக்கிறது. நிறைய உதவும், நிறையத் தப்பாகவும் படிக்கும். குடும்பப் பெயர் அகப்படாவிட்டால் ஓடையின் பெயரையும் பக்கத்து நிலக்காரரின் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

ஆர்டர் புக்கில் ஒவ்வொரு வாய்பாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. அனாதை என்றால் அப்பா இல்லாத பிள்ளை, அம்மா உயிரோடு இருக்கலாம். "கோர்ட்டுக்கு வந்து தன் கார்டியனை (காப்பாளரை) தேர்ந்துகொண்டான்" என்றால் 14 முடிந்தவன், 21 ஆகாதவன். கோர்ட்டே நியமித்தால் 14க்குக் கீழே. 1748 ஜூனில் ஒருவன் தேர்ந்துகொண்டால் அவன் பிறப்பு 1727 ஜூனுக்கும் 1734 ஜூனுக்கும் இடையில். அவனே 1752ல் கார்டியனிடம் கணக்கு முடித்து வாங்கினால் 1731 வாக்கில் பிறந்தவன் என்று குறுக்கிவிடலாம். "வாதி இறந்ததால் வழக்கு முடிந்தது" என்ற வரி, மரணத்தை இரண்டு கோர்ட் கூட்டங்களுக்கு நடுவே நிறுத்திவிடும். "பிரதிவாதி இந்தக் கவுண்டியில் குடியில்லை" என்றால் குடும்பம் கிளம்பிவிட்டது. எங்கே போனது? சாட்சிப் படி உத்தரவுகளைப் பாருங்கள். உள்ளூர்ச் சாட்சிக்கு நாளுக்கு 25 பவுண்ட் எடைப் புகையிலை கூலி. வேறு கவுண்டியிலிருந்து வந்தவருக்கு மைல் கணக்கும் எழுதுவார்கள். அந்த மைலை அளவுகோலாக வைத்து வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டால் தேட வேண்டிய கவுண்டிகள் மிஞ்சும்.

தேதியில் வழுக்கி விழுவது சகஜம். 1752க்கு முன் ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு மார்ச் 25. 1740 நவம்பரில் எழுதிய உயிலை 1740 பிப்ரவரியில் நிரூபித்ததாக இருந்தால் கிளார்க் தப்பாக எழுதவில்லை, அந்தப் பிப்ரவரி நமக்கு 1741. '7' போட்டுப் பக்கத்தில் 'பெர்' என்று சுருக்கியிருந்தால் அது செப்டம்பர், ஜூலை அல்ல. உறவுப் பெயர்களும் அப்படியே. சீனியர், ஜூனியர் என்பவர்கள் அப்பா மகனாக இருக்க வேண்டியதில்லை, ஒரே பேட்டையில் ஒரே பெயருள்ள இருவரில் வயதில் மூத்தவரும் இளையவரும். மூத்தவர் செத்ததும் ஜூனியரே சீனியராகிவிடுவார். கஸின் என்று எழுதியிருப்பது அண்ணன் மகனாக இருக்கலாம், மருமகன் (சன்-இன்-லா) என்பது மனைவிக்கு முந்தைய கணவன் மூலம் பிறந்த பிள்ளையாக இருக்கலாம். "என் அன்பு மனைவி" எல்லாப் பிள்ளைகளையும் பெற்றவள் என்று எங்கும் எழுதவில்லை.

ஏடுகள் எரிந்துபோன கவுண்டிகளுக்கு வருவோம். கஸ்டிஸின் நியூ கென்ட் அவற்றில் ஒன்று. 1787 ஜூலையில் கிளார்க் அலுவலகத்துக்குத் தீ வைத்தவர்களில் ஜான் பிரைஸ் போஸி ஒருவர். டேனியலின் மகனுடைய சொத்தை ஒருகாலத்தில் நிர்வகித்த அதே ஆள். அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டார்கள். மிச்சமிருந்ததைப் பாதுகாப்புக்கு என்று உள்நாட்டுப் போரின்போது ரிச்மண்டுக்கு அனுப்பினார்கள், 1865 ஏப்ரல் 3ல் அங்கே அதுவும் எரிந்தது. கஸ்டிஸ் பிள்ளைகளின் கார்டியனாக வாஷிங்டன் கணக்குக் கொடுத்துவந்த, காலனியின் உயர் நீதிமன்றமான ஜெனரல் கோர்ட்டின் ஏடுகளும் பெரும்பாலும் அதே தீயில் போயின. ஆனாலும் கஸ்டிஸ் சொத்துப் பிரிவினை இன்றைக்கும் வரிக்கு வரி கிடைக்கிறது, ஏனென்றால் வாஷிங்டன் தன் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்தார். ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

எல்லாருக்கும் வாஷிங்டன் மாற்றாந்தந்தையாக வாய்ப்பதில்லை. மற்றவர்களுக்கு, இறந்தவருக்கு வேறு கவுண்டியிலும் நிலம் இருந்ததா என்று முதலில் பாருங்கள். அங்கேயும் மதிப்புப் போட்டிருப்பார்கள். கஸ்டிஸ்களுக்கு யார்க்கிலும் நார்தாம்ப்டனிலும் நிலம் இருந்தது. யார்க்கின் ஏடுகள் 1633லிருந்தும் நார்தாம்ப்டனுடையவை 1632லிருந்தும் இருக்கின்றன. பேரிஷ் என்ற திருச்சபை வட்டாரத்தின் நிர்வாகக் குழு எழுதிவைத்த வெஸ்ட்ரி புத்தகத்தில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை எல்லை சுற்றிப் பார்த்த பட்டியல் வரும், நிலம் கைமாறியது அதில் தெரியும். நியூ கென்ட்டில் செயின்ட் பீட்டர்ஸ் பேரிஷின் புத்தகம் தப்பியிருக்கிறது. நிலப் பட்டயங்கள் காலனி அளவில் எழுதி வைத்தவை, அவை கவுண்டித் தீயில் சிக்கவில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிருந்தால் லண்டனைப் பாருங்கள். டன்பார் குடும்பத்தோடு கஸ்டிஸ்களுக்கு இருந்த வழக்கு, லண்டனில் மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில்வரை போனது. பிரிட்டிஷ் வணிகர்களிடம் கடன்பட்ட குடும்பமென்றால் லண்டனின் கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் டி 79 வரிசை. புரட்சிக்குப் பிறகு கடன் வாங்கியவர்களைத் தேடிப்போன முகவர்கள், யார் செத்தார், யார் கென்டக்கிக்குப் போனார் என்று எழுதிய அறிக்கைகள் அதில் உண்டு.

இதே காகிதங்களில்தான் அடிமைகளாக இருந்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன, பல நேரம் வேறெங்கும் இல்லாமல். அவர்களுடைய சந்ததியார் உரிமையாளரின் உயிலில் தொடங்கினால் ஏமாந்துபோவார்கள். வாஷிங்டனின் 1799 உயில் தன்னுடையவர்களை விடுவித்தது. அந்த ஆண்டு அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைகளாக இருந்த 317 பேரில் 123 பேர்தான் அவருடையவர்கள். 153 பேர் மார்த்தாவின் விதவைப் பங்கில் வந்தவர்கள், கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டியவர்கள். அவர்களை விடுவிக்கும் உரிமை இவருக்கு இல்லை. ஆகவே டேனியல் இறந்த பிறகு போட்ட பட்டியலிலுள்ள பெயரை வாஷிங்டனின் 1786 நாட்குறிப்புப் பட்டியலோடும் 1799 பட்டியலோடும் ஒப்பிட வேண்டும். தாய் யார் என்ற குறிப்பையும் எந்தப் பண்ணை என்பதையும் சேர்த்தே எடுங்கள், ஒரே பெயரில் பலர் உண்டு. 1802ல் மார்த்தா இறந்ததும் இவர்களைக் கஸ்டிஸ் பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு தேட வேண்டியவை லா, பீட்டர், லூயிஸ், கஸ்டிஸ் ஆகிய நான்கு வீடுகளின் காகிதங்கள்.