தோல்வி இல்லை, அழைப்பும் இல்லை

கல்லூரி ஒன்றின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் கோப்பை வாங்கினால் செய்திக்குறிப்பு எழுதி, படத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்புவது என் பொறுப்பு. ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் நாலு வரி அச்சில் வரும். ஆடியவர்களின் பெயர் அந்த நாலு வரியிலாவது இருக்க வேண்டும் என்று தவிப்பேன்.

இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்ளும் ஆள் பீட் ரொசெல். 1951-ல் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திகளைக் கவனித்தவர். அப்போது வயது 25. அவர் எழுத வேண்டியிருந்த அணியின் பெயர் ‘டான்ஸ்’. ஆட்டம், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். அந்த சீசனில் 9 ஆட்டம், ஒன்பதிலும் வெற்றி.

ஆலி மாட்சன் மட்டும் 1,566 கெஜம் ஓடினார்; அந்த ஆண்டு நாட்டிலேயே அதுதான் அதிகம். நியூயார்க்கில் ஃபோர்டாம் அணிக்கு எதிராக, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஒருமுறை 94 கெஜம், இன்னொரு முறை 90 கெஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தொட்டார். கிட்டத்தட்ட மைதானத்தின் முழு நீளம்! ஆட்டம் 32-26. எங்கள் வேலையில் இப்படி ஒரு நாள் அமைவது அபூர்வம். நியூயார்க் நிருபர்கள் கண்ணெதிரே நடந்தது. ரொசெலுக்கு வர்ணனையே தேவைப்பட்டிருக்காது.

சீசன் முடிந்ததும் சிறந்த அணிகளை அமெரிக்காவின் தென் மாநில நகரங்களில் நடக்கும் ‘பௌல்’ ஆட்டங்களுக்கு அழைப்பார்கள். பணமும் கிடைக்கும், கால்பந்தில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்துக்கு அது அவசரத் தேவை. ஆனால் மாட்சனும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர்கள். அவர்கள் இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று தகவல் வந்தது. அணி ஒரே குரலில் மறுத்தது. அழைப்பு வரவில்லை. அந்த சீசனோடு பல்கலைக்கழகம் கால்பந்தையே நிறுத்தியது.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கோப்பையோடு எடுத்த குழுப்படத்தின் ஓரத்தில் மைதான ஊழியர் நின்றிருந்தார். “அவரை வெட்டிட்டு அனுப்புங்க” என்று மேலிருந்து சொன்னார்கள். அணித் தலைவி என் மேசைக்கு வந்து, “அண்ணன் இல்லாட்டி அந்தப் படமே வேண்டாம் சார்” என்றாள். படம் போகவில்லை, செய்தியும் வரவில்லை. அவள் செய்ததுதான் சரி என்று அன்றே எனக்குத் தெரியும். டான்ஸ் வீரர்கள் விட்டுக்கொடுத்ததோ ஒரு படத்தை அல்ல, தங்கள் வாழ்நாளின் மிகப்பெரிய ஆட்டத்தை. அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

மாட்சன், ஜினோ மார்ச்செட்டி, பாப் செயின்ட் கிளேர் மூவரும் பிறகு தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்றார்கள். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூன்று பேர் என்பது பெரிய விஷயம். ஆனால் என் மனம் போவது டோலரிடம். 1952-ல் முழங்காலில் அடிபட்டதால் அவரால் தொழில்முறையில் ஆடவே முடியவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகி, பள்ளித் தலைமை ஆசிரியராகவும் உயர்ந்தார். அப்புறம் 1965-ல் என்.எஃப்.எல். என்ற தொழில்முறைக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவராக மைதானத்துக்குத் திரும்பினார். அப்போது அந்த லீகின் ஆணையர், டான்ஸ் அணிக்குச் செய்திக்குறிப்பு எழுதிய அதே பீட் ரொசெல்.