ஜப்பாவின் கெட்டானா: அழகும் ஒரு பெரிய ஓட்டையும்

ஸ்டார் வார்ஸ் உலகின் சொகுசு வண்டிகளில் எனக்கு முதலிடம் குற்றக் கும்பல் தலைவன் ஜப்பாவின் பாய்மர வண்டியான கெட்டானாவுக்குத்தான். 30 மீட்டர் நீளம். பாய்மரம் விரித்தாலும் மணலுக்கு மேல் தூக்கி நிறுத்துவது ரிபல்சர்லிஃப்ட் என்ற கற்பனை மிதவைக் கருவி.

பிழை மேல்தளப் பீரங்கியில். சுழல் பீடத்துக்குத் தடுப்பே வைக்கவில்லை, குழாயைச் சொந்தத் தளத்தை நோக்கியே கவிழ்க்கலாம். படத்தில் நாயகி லேயா அதைத் திருப்பினாள், நாயகன் லூக் விசையைக் காலால் உதைத்தான், வண்டி முழுதும் வெடித்தது. ஒரே ஒரு தடுப்புக் கட்டை இருந்திருந்தால் தப்பியிருக்கும்!

2018இல் பொம்மை நிறுவனம் ஹாஸ்ப்ரோ இதன் 4 அடி பொம்மைக்கு முன்பதிவு எடுத்தது. விலை 499.99 டாலர். 5,000 பேர் போதும் என்றார்கள், 8,810 பேர் சேர்ந்தார்கள். அதற்குமேல் தயாரிக்கவில்லை. பழையது வாங்குவோர் துணிப் பாய்களை முதலில் விரித்துப் பாருங்கள். மடித்தே வைத்திருந்தால் கோடு விழுந்திருக்கும். வாங்கியபின் சுருட்டி வையுங்கள்.