அக்கா கொண்டுவந்த திபெத்திய மாத்திரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் அக்கா, முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். இனிப்பு நீருக்கு (நீரிழிவுக்கு) அரசாங்க கிளினிக்கில் மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய பேரன், சென்ற மாதம் விடுமுறைக்கு வந்தபோது, அங்கிருக்கும் திபெத்திய வைத்தியசாலையிலிருந்து மாத்திரைகள் கொண்டுவந்து கொடுத்தான். கல்லைப் போல் இறுகிய கரிய உருண்டைகள். பொடித்து வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டும். தோட்டத்து மருத்துவமனையில் டிரெசராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதால், "இதைச் சாப்பிடலாமா தம்பி?" என்று கேட்க வந்தார். கேட்க வந்ததோ ஐந்து நாள் சாப்பிட்ட பிறகு.

திபெத்தியர்கள் தம் மருத்துவத்தைச் சோவா ரிக்பா என்று அழைக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டு வைத்தியர் யூதோக் யோந்தென் கோன்போவோடு சேர்த்துச் சொல்லப்படும் கியூஷி என்னும் நூலே அதற்கு அடிப்படை. லூங், திரிபா, பேகென் என்று அது சொல்லும் மூன்றும் நம்முடைய சித்த மருத்துவத்தின் வளி, அழல், ஐயத்தை (வாத, பித்த, கபத்தை) ஏறத்தாழ ஒத்தவை. இந்த ஒற்றுமை தற்செயலானதன்று; வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் என்னும் ஆயுர்வேத நூல் 11ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவாலும் உடல் உழைப்பின்மையாலும் செரிமானத் தீ மங்குவதையே இந்நோயின் வேராக அவர்கள் கருதுகிறார்கள். வைத்தியர் நாடி பார்ப்பதோடு, விடியற்காலைச் சிறுநீரை வெண்ணிறக் கிண்ணத்தில் ஊற்றி, குச்சியால் கலக்கி, நிறத்தையும் ஆவியையும் நுரையையும் கவனிப்பார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்களோடு என்னால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை. 5 மில்லிலிட்டர் பெனடிக்ட் கரைசலில் எட்டுத் துளிச் சிறுநீரைவிட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சி, நீலம் பச்சையாகிறதா செங்கல் நிறத்துக்குப் போகிறதா என்று பார்த்துத்தான் நானும் பல ஆண்டுகள் தோட்டத்து மக்களுக்குச் சர்க்கரை அளவைச் சொல்லி வந்தேன்.

இந்நோய்க்குத் திபெத்திய வைத்தியர்கள் தரும் மருந்துகளில் கியூரா 6, யுங்வா 4, அரு 18, சுக்மெல் 19 ஆகியவை உண்டு. பெயரின் முற்பகுதி தலைமைச் சரக்கையும் எண் மொத்தச் சரக்குகளையும் குறிக்கும். கியூரா நெல்லிக்காய், யுங்வா மஞ்சள், அரு கடுக்காய், சுக்மெல் ஏலக்காய். மலாய்க்காரர்கள் நெல்லியைத்தான் மலாக்கா மரம் என்கிறார்கள். மலாக்கா நகரின் பெயரே அந்த மரத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. இமயமலை மருந்து என்று பேரன் பெருமையாகக் கொடுத்ததில் பாதி, அக்காவின் அடுப்படியிலும் கொல்லையிலும் இருக்கிறது.

இவற்றைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். டயாபெட்டிஸ் கேர் என்னும் மருத்துவ இதழில் 2001ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில் 200 பேர் கலந்துகொண்டனர். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் மட்டும் கடைப்பிடித்தவர்களைவிட, அவற்றோடு இம்மருந்துகளையும் உட்கொண்டவர்களுக்கு 24 வாரங்களில் சர்க்கரை கூடுதலாகக் குறைந்தது. பேரன் கைப்பேசியில் காட்டியதும் இதைத்தான். அவன் கவனிக்காமல் விட்டது ஒன்று: ஆய்வில் கலந்துகொண்டவர்கள், நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் அல்லது அதுவரை சிகிச்சை பெறாதவர்கள். அக்காவோ, கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிக்லசைடை அன்றாடம் விழுங்குகிறவர். அதன்மேல் சர்க்கரையைக் குறைக்கும் இன்னொன்றை ஏற்றினால் அளவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை.

விடை அக்காவிடம் இருந்தது. நான்காம் நாள் பதினொரு மணிக்கு, துணி காயப்போடும்போது கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருண்டிருக்கிறது. டின் பாலை அள்ளிக் குடித்த பிறகே தெளிந்ததாம். சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியதன் அறிகுறி அது. அக்காவோ, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று அதற்குப் பொருள் செய்துகொண்டு, ஐந்தாம் நாளும் சாப்பிட்டிருக்கிறார்.

மாத்திரைப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். இங்கே பதிவு செய்த பாரம்பரிய மருந்துகளில் இருக்கும் மால் (MAL) பதிவு எண் அதில் இல்லை. உள்ளே என்னென்ன சரக்கு என்ற விவரமும் இல்லை. திபெத்திய மாத்திரையை நிறுத்தச் சொன்னேன், கிளினிக் மருந்தை நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னேன், மறுநாள் பொட்டலத்தோடு அவரைக் கிளினிக்குக் கூட்டிப்போனேன். நடுக்கம் வந்த நேரத்தை டாக்டரிடம் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். திரும்பி வரும் வழியில் அக்கா, "நெல்லிக்காய் ஊறுகாயாவது தின்னலாமா தம்பி?" என்றார். உப்பைக் குறைத்துப் போட்டால் தின்னலாம் என்றேன். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்குவதும் அவர்தானே.