அசல் எங்கே ஐயா?

வீட்டை விற்க வந்த பெரியவரிடம் வக்கீலாக நான் கேட்டது இதை மட்டும்தான். அசல் பத்திரம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார். கையில் இருந்தது சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிட்ட நகல். சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று சுத்தம். பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு எல்லாம் அவர் பேரில். வாங்க வந்த என் கட்சிக்காரர் அட்வான்ஸோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கொடுக்க வேண்டாம் என்றேன். போலீஸில் புகார் கொடுத்து, தேடியும் கிடைக்கவில்லை என்று சான்று வாங்கட்டும், பத்திரிகையில் விளம்பரம் வரட்டும், யாரும் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அப்புறம் பேசலாம். பெரியவர் முகம் மாறிவிட்டது.

"என்னைப் பார்த்தா ஏமாத்துறவன் மாதிரியா தெரியுது தம்பி?"

"உங்களைச் சொல்லல ஐயா. யாரா இருந்தாலும் இதைத்தான் சொல்லுவேன்."

உண்மைதான். ஆனால் அன்று அந்த அறையில் விற்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவுப்படி, சென்னை போன்ற நகரங்களில் ஒரு வரிகூட எழுதாமல், கடனுக்கு ஈடாக அசல் பத்திரத்தை ஒப்படைத்தாலே அடமானம். பதிவுக்கே போகாதது வில்லங்கச் சான்றில் எப்படி வரும்? நகலோ, யார் மனுப் போட்டாலும் கிடைக்கும். தொலைந்ததாகச் சொன்ன அசல், கிரயம் முடிந்தபின் வட்டிக்குக் கொடுத்தவர் பீரோவிலிருந்து வெளியே வந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். வாங்கியவரின் ஆயுள் சேமிப்பு அங்கே சிக்கிக்கொள்ளும். அதனால் நான் சொன்னது சரி.

இருந்தும் அந்த நகல் கண்ணிலேயே நிற்கிறது. பிளாஸ்டிக் கவரில், ஓரம் மடங்காமல் அட்டை வைத்துக் கொண்டுவந்திருந்தார். நகலையே இப்படிக் காப்பாற்றுகிறவர் அசலைத் தொலைப்பாரா என்று அன்று சந்தேகப்பட்டேன். ஒரு முறை தொலைத்தவர்தானே இப்படிப் பொத்திப் பொத்தி வைப்பார் என்று இப்போது தோன்றுகிறது. மனைவிக்கு ஆபரேஷன், சீக்கிரம் முடியணும் என்றும் சொன்னார். அவசரப்படுத்துகிறவரிடம் இன்னும் நிதானம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். நிஜமாகவே பணமுடையில் இருப்பவர் வேறு எப்படித்தான் பேசுவார்?

புகார் எழுதிக் கொடுக்க நானே உதவியிருக்கலாமோ? வாங்குபவரின் வக்கீல் விற்பவருக்காக எழுதுவது முறையில்லை. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் திரும்பி வரவில்லை. கட்சிக்காரர் வேறு வீடு வாங்கிவிட்டார். பின்னால் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். வேறொருவருக்குக் கிரயம் ஆகியிருந்தது, எங்களிடம் பேசியதைவிடக் குறைந்த தொகைக்கு. அவசரத்துக்கு விலையை இறக்கினாரா, பத்திரத்தில் குறைத்துக் காட்டினார்களா? அதை வைத்துச் சொல்ல முடியாது. அதன்பின் எந்தப் பதிவும் இல்லை. அசல் யாரிடமாவது இருந்தாலும் அந்தச் சான்று இப்படியேதான் இருக்கும்.