பாதிப் படத்தில் எழுந்து வருகிறவர்கள்

டொராண்டோவில் பழைய படங்களையும் வெளிநாட்டுப் படங்களையும் போடுகிற ஒரு சின்ன தியேட்டரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். டிக்கெட் பார்ப்பது, சோளப்பொரி விற்பது, படம் ஓடும்போது கடைசி வரிசைக்குப் பின்னால் கதவை ஒட்டி நிற்பது எல்லாம் என் வேலை. அக்டோபர் வந்தால் இரவுக் காட்சி முழுக்கப் பேய்ப் படங்களும் ரத்தப் படங்களும்தான். கதவருகே நிற்பவருக்கு யார் முகமும் தெரியாது. ஆனால் தோள்கள் தெரியும். ஒரு ஹால் பயப்படுவதைத் தோள்களை வைத்தே சொல்லிவிடலாம்.

அங்கே நான் பலமுறை கவனித்த படம் ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகேயின் 'ஆடிஷன்'. 1999இல் வந்தது, ரியூ முரகாமியின் நாவலை வைத்து எடுத்தது. மனைவியை இழந்த அவோயாமாவுக்கு, அவர் மகனே 'அப்பா, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோங்க' என்று சொல்கிறான். சினிமாத் துறையில் இருக்கும் நண்பர் ஒரு யோசனை கொடுக்கிறார்: எடுக்கப்போகாத ஒரு படத்துக்கு நாயகி தேர்வு நடத்தி, வருகிற பெண்களில் ஒருத்தியைப் பிடித்துக்கொள். அப்படித்தான் அசாமி வருகிறாள். முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட ஒரு குடும்பப் படம். பார்ப்பவர்கள் கால் நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

படம் பாதியை நெருங்கும்போது ஒரு காட்சி. வெறும் அறையில் அசாமி தலைகுனிந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் டெலிபோன், பின்னால் ஒரு பெரிய சாக்கு மூட்டை. போன் அடிக்கிறது. மூட்டை துள்ளி உருளுகிறது. அவ்வளவுதான், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் அந்த ஒரு நொடியில் ஹாலில் இருக்கிற அத்தனை தோள்களும் மேலே ஏறும், படம் முடியும்வரை இறங்காது.

எழுந்து வருவது அதற்கு அப்புறம்தான் தொடங்கும். மூட்டைக்குள் இருந்தவன் வெளியே வந்து சாப்பிடுகிற காட்சியில் சிலர் வருவார்கள். கடைசியில் அசாமி ஊசிகளையும் கம்பியையும் எடுக்கும்போது இன்னும் சிலர். அங்கே திரையில் தெரிகிற ரத்தம், பார்த்தவர்கள் பிறகு சொல்கிற அளவுக்கு அதிகமில்லை. தாங்க முடியாதது சத்தம். அவள் குழந்தை மாதிரி 'கிரி கிரி கிரி' என்று சொல்லிக்கொண்டே ஊசியைக் குத்துவாள். கண்ணை மூடிக்கொண்டவர்கள் அது போதாது என்று தெரிந்து காதையும் பொத்துவார்கள். ஒலி அளவைக் குறைக்கச் சொல்லி ஒரு பெரியவர் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார். படம் பிடித்திருக்கிறது, பார்த்து முடிக்கவேண்டும், காதால் மட்டும் முடியவில்லை என்றார்.

மயங்கி விழுகிறவர்களும் உண்டு. இதை ஒரு பலவீனமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். மற்றப் பயங்களில் இதயம் வேகமாக அடித்து ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தையும் காயத்தையும் கண்டு வருகிற பயத்தில் சிலருக்கு முதலில் ஏறி, பிறகு சட்டென்று இறங்கிவிடுகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து ஆள் சாய்ந்துவிடுகிறார். இதற்கும் துணிச்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் தாங்கிப் பிடித்தவர்களில் ஆறடி உயர ஆண்களே அதிகம். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தால் பெரும்பாலும் சீக்கிரம் கண் திறப்பார்கள். சீக்கிரம் தெளியாவிட்டால் ஆம்புலன்ஸ்.

விழுவதற்கு முன்னாலேயே வெளிறிப்போய் வெளியே வருகிறவர்களுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுப்பேன். லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற ஸ்வீடன் உளவியலாளர் உருவாக்கிய முறை அது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10, 15 வினாடி இறுக்கிப் பிடிக்கவேண்டும், முகத்தில் சூடு ஏறும்வரை. பிறகு தளர்த்தி, அரை நிமிடம் விட்டு, மறுபடி. அழுத்தம் இறங்காமல் இது தடுக்கும். வெளி நாற்காலியில் உட்கார்ந்து இதைச் செய்துவிட்டு உள்ளே திரும்பிப் போனவர்கள் நிறையப் பேர்.

'ஆடிஷன்' 2000இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் ஓடியபோது பலர் எழுந்து போனதும், ஒரு பெண் மீகேயிடமே வந்து நீ கொடியவன் என்று திட்டியதும் சினிமாக்காரர்கள் இன்றும் சொல்கிற கதை. அதே விழாவில் சர்வதேச விமர்சகர்கள் கூட்டமைப்பின் விருதும் அந்தப் படத்துக்குத்தான். இரண்டுமே உண்மையான எதிர்வினை என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணும் படத்தை முழுமனதோடு பார்த்தவர்தான்.

அடுத்த வருடம் எங்கள் ஊர் விழாவின் நள்ளிரவுப் பிரிவில் மீகேயின் 'இச்சி தி கில்லர்' ஓடியது. வந்தவர்களுக்கு வாந்திப் பை கொடுத்தார்கள். பை கையில் வந்ததுமே அது கொண்டாட்டமாகிவிடும். ரத்தம் தெறிக்கத் தெறிக்கக் கைதட்டல். எங்கள் தியேட்டரிலும் அந்த மாதிரி இரவுகள் உண்டு, அன்றைக்கு யாரும் மயங்குவதில்லை. பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தால் நமக்கும் தைரியம் வந்துவிடுகிறது. அதே படத்தை வாரநாள் மதியம் பத்துப் பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் நிலைமை வேறு.

படம் என்பதே மறந்துபோகிற எதிர்வினையும் இருக்கிறது. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதை வரைகிற ஓவியர் ஹிதேஷி ஹினோ 1985இல் எடுத்த 'கினி பிக்' வரிசைப் படம் ஒன்றை 1991இல் பார்த்த நடிகர் சார்லி ஷீன், உண்மையாகவே ஒரு பெண்ணைக் கொலை செய்து படம்பிடித்திருக்கிறார்கள் என்று நம்பிப் புகார் கொடுத்தார். விஷயம் எஃப்.பி.ஐ. வரை போனது. அந்த வெட்டுகளை எப்படிச் செய்தார்கள் என்று காட்டும் வீடியோ ஜப்பானில் ஏற்கெனவே வெளிவந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு அவரைக் கேலி செய்பவர்கள் உண்டு, நான் செய்யமாட்டேன். ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்று நினைத்தவர் சும்மா இருக்கவில்லை.

2009இல் கோஜி ஷிராய்ஷியின் 'குரோடெஸ்க்' படத்துக்குப் பிரிட்டன் தணிக்கைக் குழு சான்றிதழே தர மறுத்தது. கதையோ பாத்திர வளர்ச்சியோ பெரிதாக இல்லை, கொடுமை மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். தடை எனக்கு உடன்பாடில்லை, பெரியவர்கள் தாங்களே முடிவு செய்யலாம். ஆனால் காரணத்தில் விஷயம் இருக்கிறது. 'ஆடிஷன்' படத்தின் அவோயாமாவோடு ஒரு மணி நேரம் பழகிவிட்டதால்தான் அந்த ஊசி நமக்கும் குத்துகிறது. யாரென்றே தெரியாதவரை வெட்டினால் முகம் சுளிப்போம், அதோடு சரி.

காட்சி முடிந்ததும் ஹாலைச் சுத்தம் செய்ய வருகிற அண்ணை ஒருவர் இருந்தார், கிளிநொச்சிப் பக்கம். திரையில் பெயர்கள் ஓடும்போதுகூட நிமிர்ந்து பார்க்கமாட்டார். ஒருநாள், "இதைக் காசு குடுத்தே பாக்கினம், தம்பி?" என்று கேட்டார். ஓம் அண்ணை, பயம் முடிஞ்சதும் எழும்பி வீட்ட போகலாம், அதுக்குத்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சரி" என்று சொல்லி அடுத்த வரிசைக்குப் போனார்.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: எழுந்து வருகிறவரிடம் சிரிக்காதே, பயந்துவிட்டீர்களா என்று கேட்காதே. தண்ணீர் கொடு, நாற்காலி போடு. திரும்பிப் போகவேண்டுமென்றால் கதவைத் திறந்துவிடு, வேண்டாமென்றால் விட்டுவிடு. 'ஆடிஷன்' நடுவில் வெளியே வந்தவர்கள் பலர் உடனே வீட்டுக்குப் போகமாட்டார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்த மகன் என்ன ஆனான் என்று கேட்பார்கள். பிழைத்துவிடுவான் என்று சொல்வேன். கேட்டால் மீதிக் கதையையும் சொல்லி அனுப்புவேன்.