17-ம் நாள் கரையேறினேன்

900 கிலோமீட்டர் ஆற்றைக் கயாக்கில், அதாவது துடுப்பு போடும் ஒடுக்கமான சிறு படகில், தனியாகக் கடக்கக் கிளம்பினேன். 38 நாள் கணக்கு. 17-ம் நாள், 412-வது கிலோமீட்டரில் பயணத்தை நிறுத்திவிட்டேன். "வெள்ளம்தானே, இன்னும் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போயிருக்குமே?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

16-ம் நாள் மாலை ஒரு மணல்திட்டில் கூடாரம் போட்டேன். தினமும் செய்வதுபோலத் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, சாணுக்கு ஒரு கோடு கீறி வைத்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. ராத்திரி 10 மணிக்கு எழுந்து பார்த்தால் முதல் கோடு முங்கியிருந்தது. 11 மணிக்கு இரண்டாவது. மழை இங்கே பெய்யவில்லை, மேலே எங்கோ பெய்து முடித்து, அந்தத் தண்ணீர் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. டார்ச் அடித்தேன். நுரை, சருகு, சுள்ளி என்று அடுக்கடுக்காகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீரின் வாசனையே மாறிவிட்டது. அப்போதுதான் உழுத நிலத்தின் வாசனை. ஒரு குவளை மொண்டு வைத்தேன், கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் படிந்தது.

மணல்திட்டில் தங்குகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. திட்டு முங்குவதற்கு ரொம்ப முன்பே, திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிடும். மாலையில் கால் நனையாமல் தாண்டிய பள்ளம் அது. கயாக்கை இழுத்துக்கொண்டு கடந்தபோது முழங்காலுக்கு மேல் தண்ணீர் தள்ளியது. இன்னும் அரை மணி நேரம் தூங்கியிருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கவே முடியாது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். தலைக்கு மேல் போன பிறகு சரி. அதற்கு முன்னால் ஒவ்வொரு சாணுக்கும் கணக்கு இருக்கிறது என்பதை அந்த ராத்திரி முழுக்கக் கரையில் உட்கார்ந்து பார்த்தேன். விடிந்தபோது திட்டும் இல்லை, குச்சியும் இல்லை.

அப்போதும் நிறுத்துவதாக முடிவு செய்யவில்லை. எட்டு கிலோமீட்டர் கீழே ஒரு தடுப்பணை. அதற்கு முன்னாலேயே கரையில் ஒதுங்கி, கயாக்கைச் சுமந்து தாண்டுவது என் திட்டம். அந்த ஒதுங்கும் இடம் இருக்கிறதா என்று பார்க்கக் கரையோரமாக நடந்தே போனேன். இல்லை. அந்த இடத்தில் மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. ஆறு கிளைகளுக்கு நடுவே புகுந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் கிளைகளின் இடுக்கு வழியாகப் போய்விடும், படகும் ஆளும் கிளையில் சிக்கி நிற்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் நம்மை அழுத்தும் விசை நான்கு மடங்கு. நான் பழகிய மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகம் அன்று பன்னிரண்டு இருக்கும். அப்படியென்றால் பதினாறு மடங்கு. அதைக் கையால் தள்ளிக்கொண்டு வெளியே வர முடியாது.

அணை மேலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தேன். விழுந்த தண்ணீர் அணையை நோக்கியே திரும்பி உருண்டுகொண்டிருந்தது. அதில் ஒரு மரத்துண்டு மாட்டியிருந்தது, கிட்டத்தட்ட என் கயாக் நீளம். அமிழும், கொஞ்சம் தள்ளி எழும், மறுபடி அணைக்கே இழுபட்டு அமிழும். இருபது நிமிடம் நின்று பார்த்தேன். அது வெளியே போகவே இல்லை.

வெள்ளத்தில் பயப்பட வேண்டியது வேகத்துக்கு இல்லை, நிற்க முடியாமல் போவதற்குத்தான். 16 நாளும் பாறைக்குப் பின்னால், வளைவின் உள்பக்கம், எங்கெல்லாம் தண்ணீர் அமைதியாகத் திரும்பி நிற்குமோ அங்கெல்லாம் ஒதுங்கித்தான் மூச்சு வாங்கினேன், முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அந்தப் பாறைகள் எல்லாம் இப்போது தண்ணீருக்கு அடியில். கூட ஒருவர் இருந்தால் கயிறு வீசுவார். நான் தனி ஆள்.

காத்திருந்து பார்க்கலாமா என்றும் யோசித்தேன். சாப்பாடு நான்கு நாளுக்கு இருந்தது. மேலே இன்னும் மூன்று நாள் மழை என்றது முன்னறிவிப்பு. வெள்ளம் வடிந்த பிறகும், புதிதாகச் சாய்ந்த மரங்கள் எங்கெங்கே கிடக்கும் என்று எந்த வரைபடமும் சொல்லாது.

மதியம் அக்கா கூப்பிட்டாள். என் இருப்பிடக் கருவியின் புள்ளியைத் தினமும் பார்ப்பவள் அவள்தான். "என்னடா, காலையிலிருந்து புள்ளி ஆத்துல இல்லாம கரையிலயே நகருது?"

"நடந்து போய்ப் பார்த்தேன்க்கா. இதுக்கு மேல போகல."

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. அப்புறம், "வண்டி அனுப்பட்டுமா?" என்றாள். ஏன் என்று கேட்காததற்கு அவளுக்கு நான் எப்போதும் கடன்பட்டிருக்கிறேன். போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். இரண்டு வருடம் இதற்காகவே உடம்பைப் பழக்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கயாக்கைக் கவிழ்த்தபோது இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு கை மணல் கொட்டியது. அந்தத் திட்டின் மணல்தான். 412-வது கிலோமீட்டரில், வலது கரையில், நான் ராத்திரி உட்கார்ந்திருந்த மேட்டை வரைபடத்தில் குறித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் வடிந்து, ஆறு தெளிந்த பிறகு அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன். அந்தத் தடுப்பணையை முதலில் நடந்து போய்ப் பார்ப்பேன்.