மூன்று மரங்களும் ஒரு பாறையும்

தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலையில், அமானிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபிசராக இரண்டு வருடம் இருந்தேன். உயரம் 900 மீட்டர் போல, மழைக்கும் மூடுபனிக்கும் குறைவே இல்லை.

தோட்டத்தை ஒட்டிய காட்டில், ஓடைக்கரைப் பாறையின் பாசிக்கு நடுவே ஆப்பிரிக்கன் வயலட் பூத்திருந்ததை முதல் தடவை பார்த்தபோது, யாரோ வீட்டுத் தொட்டியிலிருந்து எடுத்துவந்து நட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அதன் சொந்த ஊரே இதுதான். 1892இல் டாங்கா பகுதியில் ஜெர்மன் அதிகாரியாக இருந்த வால்டர் ஃபான் செயின்ட் பால் இந்தச் செடியைக் கண்டு, விதையை ஜெர்மனியிலிருந்த தன் அப்பாவுக்கு அனுப்ப, அடுத்த வருடமே தாவரவியலாளர் ஹெர்மன் வெண்ட்லாண்ட் அதற்குச் செயின்ட்பாலியா என்று பெயர் வைத்தார். ஒரு இலையைக் காம்போடு மண்ணில் செருகினாலே வேர் பிடித்துவிடும், அதனால் இன்று ஜன்னலோரத் தொட்டிகளுக்கென்று ஆயிரக்கணக்கான ரகங்கள். காட்டுச் செடி மட்டும் கென்யா, தான்சானியாவில் அங்கங்கே சில பாறைகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

லாரி திரும்ப இடம் போதவில்லை என்று மூன்று பெரிய மரங்களை வெட்டச் சொல்லி அடையாளம் போட்டது நான்தான். பாறையை யாரும் தொடவில்லை, ஒரு செடியைக்கூடப் பிடுங்கவில்லை. ஆனால் நிழல் போய்விட்டது. பாசி காய்ந்து உரிந்தது, அப்புறம் அந்த மெத்தென்ற இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. எங்கள் காவலாளிப் பெரியவர் மேலே கையைக் காட்டி, ஸ்வாஹிலி மொழியில் "ஜுவா காலி" என்றார். கடும் வெயில் என்று அர்த்தம். என் கையெழுத்தில் நடந்த வேலை அது, இன்னும் மனசு ஆறவில்லை.

நர்சரியில் தொட்டிச் செடி வாங்கி வைத்துவிடலாமே என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சம்மதமில்லை. கடைச் செடி பல கலப்புகளைத் தாண்டி வந்தது, இந்தப் பாறையில் தலைமுறை தலைமுறையாய் நின்றதற்கு அது ஈடாகாது. கருகாமல் மிச்சமிருந்த ஐந்து இலைகளை வனத்துறையிடம் கேட்டுவிட்டு எடுத்து, பெரியவரும் நானும் அதே ஓடையில் கொஞ்சம் கீழே, நல்ல நிழலிலிருந்த பாறையின் ஈரப் பாசிக்குள் செருகினோம். ஒன்று மட்டும் பிடித்தது. அதன் அடியில் இரண்டு குட்டி இலைகள் வந்திருந்தன, நான் ஊர் திரும்பும்வரை பூக்கவில்லை.